நிரையும் மரமும்: காரணிப்படுத்தும் கணக்கு



தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துச் செல்லும் நம் பிள்ளைகள், இடைநிலைப் பள்ளியின் இரண்டாம் படிவத்தில் ஒரு கணக்கைச் சந்திக்கிறார்கள். மலாயில் அதனைப் 'பெம்பக்தோரான்' என்பர், தமிழில் காரணிப்படுத்துதல். இதில் தேறாத பிள்ளை நான்காம் படிவத்து இருபடிச் சமன்பாட்டிலும் தடுமாறும். "எழுத்தும் எண்ணும் கலந்த கணக்கு நமக்கு எங்கே தெரியும்?" என்று பெற்றோர் ஒதுங்கிவிட வேண்டாம். வாய்ப்பாடு தெரிந்த எவரும் துணை செய்யலாம்.

பால்மரக் காட்டையே எடுத்துக்கொள்வோம். பள்ளியில் எக்ஸ் என்பதை நாம் 'க' என்போம். க நிரைகள், நிரைக்குக் க மரங்கள், மொத்தம் க². ஒவ்வொரு நிரையிலும் 4 மரங்களைக் கூட்டினால் 4க மரங்கள் சேரும். பிறகு 3 புதிய நிரைகள் நட்டால் 3க மரங்களும் 12 மரங்களும் சேரும். ஆக மொத்தம் க² + 7க + 12.

இதனைத் திருப்பிக் கேட்பதே காரணிப்படுத்துதல். மொத்த மரங்கள் தெரியும். நிரை எத்தனை, நிரைக்கு மரம் எத்தனை?

பெருக்கினால் 12, கூட்டினால் 7 வரும் இரண்டு எண்களைத் தேடுங்கள். 1, 12 கூட்டினால் 13, ஆகாது. 2, 6 கூட்டினால் 8, ஆகாது. 3, 4 கூட்டினால் 7. எனவே விடை (க + 3)(க + 4).

குறிகளில் கவனம் வேண்டும். க² − 7க + 12 என்றால் இரண்டு எண்களும் கழித்தல் குறி பெறும்: (க − 3)(க − 4). க² + க − 12 என்றால் ஒன்று கூட்டல், மற்றது கழித்தல்: (க + 4)(க − 3).

எல்லாக் கோவையும் இப்படிப் பிரியாது. க² + 7க + 11 என்பதற்கு ஏற்ற முழு எண்கள் இல்லை.

பெற்றோர்களே, பிள்ளையின் விடையைச் சோதிக்க க-வுக்கு 10 என்று வையுங்கள். கணக்கு 100 + 70 + 12 = 182. விடை 13 × 14 = 182. பிள்ளை (க + 2)(க + 6) என்று எழுதியிருந்தால் 12 × 16 = 192 வரும்; தவறு தெரிந்துவிடும். கோபிக்காமல் மீண்டும் தேடச் சொல்லுங்கள். ஒத்துவந்தால், அடைப்புகளைப் பெருக்கி விரித்துக் காட்டச் சொல்லுங்கள், விடை உறுதியாகும்.

இரவு உணவுக்குப்பின் நாளொன்றுக்கு ஐந்து கணக்குகள் போதும். பிள்ளைக்குப் பயம் தெளியும்.