எண்ணிக்கை மாறினால் மருந்தும் மாறும்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



குரோமோசோம் எண்ணிக்கை என்றதும் மாணவர்கள் "மனிதனுக்கு 46" என்று ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். பாடமும் அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால், இந்த எண்ணுக்கும் நம் அன்றாட வாழ்வுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

நம் சின்னமனூர், கம்பம் தோட்டங்களில் விளையும் ஜி-9 வாழையைப் பாருங்கள். காட்டு வாழையில் 22 குரோமோசோம்கள். பழம் நிறையக் கெட்டியான விதைகள். ஜி-9 ஒரு மும்மடியம்; அதில் 33. மூன்று தொகுதிகள் இணைசேர்ந்து சமமாகப் பிரிய முடியாததால் விதை உருவாவதில்லை. ஆகவேதான் பக்கக்கன்றையோ திசு வளர்ப்புக் கன்றையோ நடுகிறோம்.

இதே கணக்கு ஒரு மூலிகையில் வரும்போது கவனம் தேவைப்படுகிறது. 'பிள்ளை வளர்ப்பான்' என்று நாம் அழைக்கும் வசம்புதான் அது. இதன் தாவரவியல் பெயர் அகோரஸ் கலாமஸ். வட அமெரிக்க வசம்பு இருமடியம், 24 குரோமோசோம்கள். ஐரோப்பாவில் வளர்வது மும்மடியம், 36. கிழக்காசியாவில் நான்மடியம், 48. இந்தியாவில் மும்மடியமும் நான்மடியமும் காணப்படுகின்றன. தொகுதி கூடும்போது உட்கருவில் டி.என்.ஏ.வின் அளவும் கூடுகிறது. வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியாது.

வேறுபாடு கிழங்கின் எண்ணெயில் இருக்கிறது. பீட்டா-அசரோன் என்னும் வேதிப்பொருள் இருமடியத்தில் இல்லை, மும்மடியத்தில் குறைவு, நான்மடியத்தில் மிக அதிகம். எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது அது புற்றுக்கட்டிகளை உண்டாக்கியது. அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது.

நம் வீடுகளில் வசம்பைச் சுட்டு, உரசி, பச்சைக் குழந்தையின் நாக்கில் தடவுகிறார்கள். கடையில் வாங்கிய துண்டு 36ஆ, 48ஆ என்று யாருக்கும் தெரியாது. பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்ய வேண்டாம். "பெயர் ஒன்றானாலும் மருந்து ஒன்றல்ல, மருத்துவரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்" என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்.

வகுப்பில் வெங்காய வேர்நுனியை நுண்ணோக்கியில் காட்டி, 16 குரோமோசோம்களைத் தேடச் செய்யுங்கள். ஒரு வாழைப்பழத்தைக் குறுக்கே வெட்டி, விதையாகாமல் நின்றுபோன கரும்புள்ளிகளைக் காட்டுங்கள். பிறகு வசம்பைப் பற்றிப் பேசுங்கள். அந்த எண் ஏன் முக்கியம் என்பது மாணவர்களுக்குத் தானே விளங்கும்.