ஊர் வளரட்டும்; செலவை யார் தருவது?

(பொட்டிபுரத்தில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் காயெடுத்துவிட்டு, இருட்டிய பின் இறங்கி வருகிறவர்கள் நாம். ஆலையில் ஷிப்டு முடிந்து வந்த தோழர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருவோம்.

சோளமும் கடலையும் விளைந்த காட்டில் கல் நட்டு, கொடி கட்டி, மனை விற்கிற காலம் இது. மனை வந்தால் வீடு வரும். வீடு வந்தால் குழாய் வேண்டும், சாக்கடை வேண்டும், தெருவிளக்கு வேண்டும், பள்ளிக்கூடத்தில் இன்னொரு வகுப்பறை வேண்டும். இதற்கெல்லாம் பணம் எங்கே? "புதிதாகக் கட்டுகிறவனிடம் அபிவிருத்திக் கட்டணத்தைக் கூட்டி வாங்கு" என்கிறார்கள் ஒரு சாரார். "கட்டணமே கூடாது, ஏழை எப்படி வீடு கட்டுவான்?" என்கிறார்கள் மற்றொரு சாரார். நாம் எந்தப் பக்கம்?

இரண்டாவது பக்கம்தான் நமக்கு அனுகூலம் என்று முதலில் தோன்றும். ஆனால் நடந்ததைப் பார்ப்போம். ரோடும் சாக்கடையும் இல்லாமல் மனை பிரித்து, வாங்கியவன் கையில் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு விற்றவன் போய்விட்டான். தமிழ்நாடு முழுவதும் இப்படி லட்சக்கணக்கான மனைகள். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017ல் சர்க்கார் வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. வரன்முறைக் கட்டணமும் அபிவிருத்திக் கட்டணமும் யார் கட்டினார்கள்? பெரும்பாலும், சீட்டுப் பிடித்தும் தாலியை அடகு வைத்தும் மூன்று சென்ட் வாங்கியவன்தான். விற்றவன் தர வேண்டிய கட்டணம் வாங்கியவன் தலையில் விழுந்தது. கட்டணமே இல்லாத மனை கடைசியில் அதிகச் செலவு வைத்தது.

நிலத்தின் விலை எப்படி ஏறுகிறது என்பதையும் யோசிப்போம். மதுரை–போடி ரயில் 1928ல் ஓடத் தொடங்கியது. அகலப்பாதை போடுவதற்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்கு ரயில் திரும்பி வந்தது. பன்னிரண்டு வருஷம் பஸ்ஸில் இடிபட்டவர்கள் நாம். தண்டவாளம் போட்டது பொதுப்பணம். ஆனால் ரயில் வருகிறது என்று விளம்பரம் போட்டு மனைக்கு விலை கூட்டுகிறவன் யார்? ஊர்ப் பணத்தால் ஏறிய விலையில் ஒரு பங்கை ஊருக்குக் கொடு என்று கேட்பது தர்மம் கேட்பதல்ல, நியாயம் கேட்பது.

அப்படியானால் கட்டணத்தை எல்லாருக்கும் ஒரே மாதிரி உயர்த்தலாமா? கூடாது. இதில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம் நமக்கு ஒரு பாடம். 1978ல் அங்கே சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டிவிட்டார்கள். ஏற்கனவே வீடு உள்ளவர்களுக்குக் கொண்டாட்டம். வருமானம் குறைந்த உள்ளாட்சிகள், புதிதாக வீடு கட்டுகிறவர்கள் மீது கட்டணங்களை ஏற்றின. அங்கே ஒருவர், ஆலையில் செய்து கொண்டுவந்து வைக்கிற சிறு வீடு ஒன்றைத் தம் நிலத்தில் வைக்க அனுமதி கேட்டார். போக்குவரத்துப் பாதிப்புக் கட்டணம் என்று 23,420 டாலர் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. உள்ளாட்சி சட்டம் போட்டு வாங்குகிற கட்டணமானாலும், அது பாதிப்புக்குப் பொருத்தமானதா என்று சோதிக்காமல் விட முடியாது என்று 2024 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று.

நம் ஊருக்கு வருவோம். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறையில் உடனடி அனுமதி தருகிறார்கள். அலைச்சல் குறைந்தது, நல்லது. ஆனால் ஓர் ஊராட்சியில் 400 சதுர அடியில் கட்டுகிற கூலிக்காரனுக்கும் 3,500 சதுர அடியில் கட்டுகிறவனுக்கும் சதுர அடிக்கு ஒரே விகிதம் என்றால், அது சமமாகத் தெரிகிற அநியாயம். 2022ல் சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னை நீங்கலான நகரங்களில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதமும் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதமும் உயர்த்தினார்கள். உயர்வு வலித்தது வாஸ்தவம். ஆனால் சிறியவனுக்குக் குறைவு, பெரியவனுக்கு அதிகம் என்ற முறை அதில் இருந்தது. அந்த முறையைக் கட்டணத்திலும் கேட்போம்.

"மனை விற்பவனிடம் வாங்கினால் அவன் நம்மீது ஏற்றிவிட மாட்டானா?" என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. கட்டணம் இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தால், அதைக் கழித்துக்கொண்டுதான் அவன் நிலத்துக்கு விலை பேசுவான். முழுச்சுமையும் நம்மீது விழாது. ஆனால் கொஞ்சமும் விழாது என்று சொன்னால் அது பொய். நிலத்தை விற்கிற சிறு சம்சாரிக்கும் கொஞ்சம் குறையும். அதனால்தான் உயர்வு ஒன்றே மருந்து என்று நாம் சொல்லவில்லை.

நாம் கேட்பது மூன்று. ஒன்று, கட்டணத்தை மனை பிரிக்கும்போதே, லாபம் பார்க்கிறவனிடம் வாங்க வேண்டும். இரண்டு, குடியிருக்கக் கட்டுகிற சிறு வீட்டுக்கு விலக்கு வேண்டும். மூன்று, வாங்கிய பணம் வாங்கிய ஊரிலேயே குழாயாகவும் சாக்கடையாகவும் திரும்பி வர வேண்டும். 2007ல் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த உட்கட்டமைப்புக் கட்டணம் மாநில அளவிலான நிதியில் போய்ச் சேருகிறது. கொடுத்த ஊருக்குத் திரும்பி வந்தது எவ்வளவு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கேட்பது எங்கே? மே தினத்தன்று கிராமசபை கூடுகிறது. அன்று ஜீப் ஏறாமல் ஊரில் இருப்போம். வரவு எவ்வளவு, செலவு எந்தத் தெருவில் என்று கணக்கைப் படிக்கச் சொல்வோம். படித்து முடிக்கும்வரை எழுந்திருக்க வேண்டாம், தோழர்களே!