நாவைக் கொண்டு நெஞ்சை அளக்கலாமா?



பிறரை எடைபோடும் வழக்கம் ஆலய வாசலிலும் நம்மை விடுவதில்லை. தெங்கேராவுக்கு அருகே காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகள் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். மூதாட்டியர் உடுத்துவது சாரோங் கெபாயா. அதைக் கண்ட நம்மவர் சிலர், தமிழறியாதார்க்குச் சைவம் ஏது என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர்.

மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்திற்கு வந்து, இம்மண்ணிலேயே மணமுடித்துத் தங்கிய தமிழரின் வழித்தோன்றல்கள் இவர்கள். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறின. மொழி கைநழுவியது; வழிபாடு நழுவவில்லை. பொய்யாத விநாயகர் ஆலயம் 1781இல் இவர்களின் தலைவரால் எழுப்பப்பெற்றது. மலாக்காவில் 1896இல் பால்மரத் தோட்டம் தொடங்கியபோது அவ்வாலயத்திற்கு வயது நூற்றுக்கு மேல்! போகியன்று முன்னோர்க்குப் படையலிடுகின்றனர். அம்மன் விழாவை 'டத்தோ சச்சார்' என்கின்றனர். சச்சார் என்றால் அம்மை. பெயர் மலாய், தாய் நம் மாரியம்மனே.

காளத்தியில் சிவகோசரியார் கண்டது இறைச்சியையும் எலும்பையுமே. படைத்த கண்ணப்பரைக் கண்டாரில்லை. இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; மறைந்திருந்து பார் என்று பணித்தருளினார்.

நம் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர்? நாம் இன்று சொல்லும் தீர்ப்பு நாளை அவர்கள் மீதும் விழுமன்றோ!

காஜா பெராங் அம்மன் விழா ஏப்ரல், மே மாதவாக்கில் நடைபெறும். ஒரு நாளேனும் குடும்பத்துடன் சென்று, அவர்களோடு நின்று வணங்கி வாருங்கள்.