சொற்ப வருமானத்தில் சௌகரியமாக வாழும் வகை



குடும்பம் சௌகரியமாக வாழ்வதற்கு வருமானத்தின் அளவு மாத்திரமே காரணம் என்று எண்ணுவது பெரும்பாலோர் வழக்கம். வருமானம் அவசியமே, அதை மறுப்பவர் இல்லை. ஆயினும், ஒரே தெருவில் வசித்து ஒரே அளவு சம்பளம் பெறும் இரண்டு குடும்பங்களுள், ஒன்று கடனின்றியும் மற்றொன்று ஆண்டு முழுவதும் வட்டி கட்டிக்கொண்டும் இருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். சில வீடுகளில் இதற்குக் காரணம் நோய் அல்லது வேலையிழப்பு. அதற்காக எவரையும் குறை கூறலாகாது. வேறு பல வீடுகளிலோ காரணம் இதுவே: வரவு மாதக் கணக்கில் வருகிறது, செலவு ஆண்டுக் கணக்கில் வருகிறது. மாதத்தை மட்டும் பார்த்து நடக்கும் குடும்பத்தை ஆண்டு வந்து கவிழ்த்து விடுகிறது.

முத்தாபுதுப்பேட்டையில் வாடகைக்குக் குடியிருக்கும் நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்ளலாம். விமானப்படை நிலையத்தையும் ஆவடித் தொழிற்சாலைகளையும் அண்டிய இவ்வூரில், கூலியையும் சம்பளத்தையும் நம்பி வாழ்பவர் பலர். குடும்பத் தலைவருக்கு மாதம் ரூ. 15,000, அவர் மனைவிக்குத் தையல் தொழிலில் ரூ. 5,000, ஆக ஆண்டு வரவு ரூ. 2,40,000 என்று வைத்துக்கொள்ளலாம்.

மாதந்தோறும் தவறாமல் வரும் செலவுகள் நான்கு: வாடகை ரூ. 4,500, உணவுப் பண்டங்கள், பால், காய்கறி ரூ. 6,500, எரிவாயு, மின்சாரம், தொலைபேசி ரூ. 1,500, போக்குவரத்து ரூ. 1,000. மொத்தம் ரூ. 13,500. இம்மட்டில் கணக்கை முடித்துக் கொள்பவர், மாதம் ரூ. 6,500 கையில் மிஞ்சுகிறது என்று மகிழ்கிறார். உண்மையில் அது மிச்சமன்று. ஜூன் மாதத்தில் பள்ளிச் செலவு ரூ. 18,000, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணிமணி முதலியவற்றிற்கு ரூ. 15,000, உறவினர் வீட்டுச் சீரும் மொய்யும் ரூ. 12,000, வைத்தியம் ரூ. 9,000. இவை சேர்ந்து ஆண்டுக்கு ரூ. 54,000, அதாவது மாதத்திற்கு ரூ. 4,500. ஆகவே உண்மையான மிச்சம் மாதம் ரூ. 2,000 மாத்திரமே. இதை அறிந்த வீட்டில் ஜூன் மாதம் சாதாரண மாதமாகக் கழிகிறது; அறியாத வீட்டில் அது கடன் மாதமாகிறது.

அக்கடனின் விலையையும் பார்த்தல் வேண்டும். ரூ. 18,000 ஐ நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால், மாதம் ரூ. 540 வட்டியாகிறது; பத்து மாதத்தில் ரூ. 5,400 போன பிறகும் அசல் அப்படியே நிற்கிறது. தண்டல் இதனினும் கொடியது. ரூ. 9,000 கையில் பெற்று, நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் நூறு நாள் கட்டுபவர், தாம் கொடுக்கும் வட்டி ஆயிரம் ரூபாய்தானே என்று நினைக்கிறார். நாள்தோறும் அசல் குறைந்து வருவதால், அவர் கைவசம் சராசரியாக இருந்த கடன் அதில் பாதியளவே. அவ்வாறு கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேற்படுகிறது. தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்கவே தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் சட்டம் செய்யப்பட்டது. எனினும், அவசரத்தில் கைநீட்டும் வீடு உள்ளவரை சட்டம் மட்டும் போதாது.

இதற்கு வழி கண்ட ஊர் தொலைவில் இல்லை. ஆவடியிலிருந்து ரயில் மார்க்கமாக மேற்கே சென்றால் செவ்வாப்பேட்டைக்கு அருகில் திரூர் என்னும் கிராமம் இருக்கிறது. கிராமத்தாரின் கடன் தொல்லையை ஆராயும்படி சென்னை அரசாங்கத்தாரால் நியமிக்கப்பெற்ற சர் பிரெடரிக் நிகல்சன், 1895லும் 1897லும் வெளியிட்ட அறிக்கையில், ஜெர்மனி தேசத்து ரெய்பைசன் நிறுவிய சங்கங்களைப் போன்றவை இங்கும் தோன்ற வேண்டும் என்று வற்புறுத்தினார். 1904ஆம் ஆண்டில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே, அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கிராமச் சங்கம் பதிவாயிற்று. அதே ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில், பண்டங்களை அங்கத்தினரே கூடி வாங்கும் சங்கமும் தொடங்கிற்று.

அக்காலத்து உழவரின் துன்பம் இக்காலத்துச் சம்பளக்காரரின் துன்பத்திற்கு நேர்மாறானது. உழவருக்கு வரவு அறுவடையின்போது ஒருமுறை, செலவு மாதந்தோறும். சம்பளக்காரருக்கு வரவு மாதந்தோறும். பெருஞ்செலவு ஆண்டில் சிலமுறை. நோய் இரண்டாயினும் மருந்து ஒன்றே. பணம் வரும் காலத்திற்கும் அது வேண்டப்படும் காலத்திற்கும் இடையே அதைப் பத்திரமாக வைத்துக் காப்பதற்கு ஓரிடம் வேண்டும். அவ்விடமே சங்கம்.

ஆதலின் அங்கத்தினர் கைக்கொள்ளத் தக்கவை வருமாறு.

முதலாவது, சித்திரை மாதத்திலேயே ஆண்டின் பெருஞ்செலவுகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தல் வேண்டும். அத்தொகையைச் சம்பளம் வந்த அன்றே சங்கத்திலோ வங்கியிலோ மாதச் சேமிப்பாகக் கட்டிவிட வேண்டும். செலவு போக மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்பவருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. கணக்குப் புத்தகம் வீட்டை நடத்தும் பெண்ணின் பெயரிலும் இருத்தல் நலம்.

இரண்டாவது, பண்டங்களைப் பருவமறிந்து வாங்க வேண்டும். புதுப்புளி மாசி, பங்குனியில் வருகிறது. அப்போது ஆண்டுக்கு வேண்டியதை வாங்கிக் கொட்டை நீக்கி, உப்பிட்டுப் பானையில் அடைத்து வைப்பது பாட்டிமார் கண்ட சிக்கனம். தனியாக வாங்க இயலாதவர் நாலு வீட்டார் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம்.

மூன்றாவது, தீபாவளிச் சீட்டுப் போடுமுன், அது 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவானதா என்று கேட்டறிய வேண்டும். பதிவில்லாத சீட்டில் முதலை இழந்த குடும்பங்கள் பல.

நான்காவது, கடன் வாங்கியே தீரவேண்டிய அவசரத்தில் தண்டல்காரரை நாடுமுன் சங்கத்தை நாட வேண்டும். சங்கத்தில் நகைக்கடன் வாங்குபவர், தவணை தவறினால் நகை ஏலத்திற்குப் போகும் என்பதை மறவாமல், மீட்கும் மாதத்தையும் அன்றே குறித்துக்கொள்ள வேண்டும்.

சிக்கனம் என்ற பெயரில் செய்யத் தகாதவையும் உண்டு. பருப்பையும் பாலையும் குறைத்தல் சிக்கனமன்று. எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாயின் தட்டிலேதான் அக்குறைவு முதலில் விழுகிறது. பின்னர் அது வைத்தியச் செலவாகத் திரும்பி வருகிறது. பெண்ணின் படிப்பை நிறுத்தி அண்ணன் கல்யாணக் கடனை அடைப்பதும் சிக்கனமன்று. குறைக்கத் தக்கவை மொய்யும், ஆடம்பரப் பந்தலும், அயல்வீட்டைப் பார்த்துத் தவணையில் வாங்கும் சாமானுமே. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி.

எவ்வளவு அளந்தாலும் போதாத குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்குக் கணக்கு எழுதும்படி உபதேசிப்பது மட்டும் உதவியாகாது. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டில் அரிசிக் குடும்ப அட்டைதாரருக்கு விலையில்லா அரிசி தொடங்கப்பெற்றது; அதை வழங்கும் கடைகளில் மிகப் பெரும்பான்மையானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவையே. உரிமையானதைக் கேட்டுப் பெறுதல் இழிவன்று. அட்டையில் பெயர் விட்டுப்போன அயலாருக்கு மனு எழுதித் தருதலும் அங்கத்தினர் கடமையே.

மேற்சொன்ன குடும்பம் மாதம் ரூ. 2,000 வீதம் மிச்சத்தையும் சங்கத்தில் இட்டுவரின், வட்டியை விட்டுக் கணக்கிட்டாலும் ஐந்தாண்டில் ரூ. 1,20,000 ஆகும். அது பெருஞ்செல்வமன்று. ஆனால் ஒரு நோயையோ சில மாத வேலையின்மையையோ பிறர் வாசலில் நில்லாமல் கடக்க அது போதும். இரவில் கதவு தட்டும் ஓசை கேட்டால் கடன்காரரோ என்று அஞ்சாதிருப்பதே சௌகரியம். அதற்கு வேண்டிய முதற்செலவு ஒரு தாளும் ஓர் எழுதுகோலுமே.