தக்காளியில் பொறுக்கு விதை

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தக்காளி பயிரிடுவோர் பலரிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பறித்துக் குவித்த பழங்களுள் மிகப் பெரியதை விதைக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். பழத்தைப் பார்த்து விதை எடுக்கலாகாது, செடியைப் பார்த்தே எடுக்க வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த விஷயம்.

அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் அலெக்ஸாண்டர் லிவிங்ஸ்டன் என்னும் விதை வியாபாரி இருந்தார். அக்காலத்துத் தக்காளிகள் பெரும்பாலும் வரிவரியாய்ப் பள்ளம் விழுந்து கோணலாயிருந்தன. அவரும் பல ஆண்டுகள் சிறந்த பழங்களையே பொறுக்கி விதைத்தார். மறுபடியும் கோணற் பழங்களே காய்த்தன. பின்னர் ஒரு செடி அவர் கண்ணிற் பட்டது. அதன் பழங்கள் சிறியவை. ஆயினும் யாவும் ஒரே சீராய், வழவழப்பாய் இருந்தன. அச்செடியின் விதையைத் தனியே விதைத்து, ஆண்டுதோறும் சிறந்த செடிகளையே தெரிந்தெடுத்து வர, பழமும் பருத்தது. 1870-ல் 'பாரகன்' என்னும் பெயரால் அந்த ரகம் வெளிவந்தது.

காரணம் யாதெனில், ஒரு செடியின் பழங்கள் அனைத்துக்கும் தாய் ஒன்றே. அவற்றுள் ஒன்று மட்டும் பெருத்திருப்பது எருவாலோ நீராலோ இருக்கலாம்; அப்பெருமை விதையில் இறங்காது. ஒரே எருவும் நீரும் பெற்ற பாத்தியில், பக்கத்துச் செடிகளைவிட ஒரு செடி முழுவதும் நன்றாய்க் காய்க்குமாயின், அது குலத்தின் குணமாயிருத்தல் கூடும். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருத்தரிப்பதால் அக்குணம் சந்ததிக்கும் எளிதில் வரும்.

நிறத்தை மட்டும் நோக்கித் தெரிந்தெடுப்பதிலும் நஷ்டம் உண்டு. காயின் காம்படியில் படரும் கரும்பச்சையைக் குறையென்றெண்ணி, அஃதில்லாத ரகங்களையே மேல்நாட்டார் பெருக்கினர். அப்பச்சை, பழத்தில் சர்க்கரை சேர உதவுவதென்று 2012-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. நம் பெரியகுளத்தில், அண்ணாஞ்சி என்னும் நாட்டு ரகத்தினின்று உண்டாக்கப்பட்ட பி.கே.எம். 1 தக்காளிக்கு அப்பச்சைத் தோள் உண்டு. அது நெடுந்தூரம் கொண்டு செல்வதையும் தாங்கும்.

ஆகவே, பழம் பறிக்குமுன்பே வயலில் நடந்து, நோயற்று நிறையக் காய்த்த செடிகளுக்குக் குச்சி நட்டு அடையாளம் இடுங்கள். அவற்றின் பழங்களை நன்கு பழுக்கவிட்டுப் பறித்து, சாற்றுடன் பிசைந்து ஓரிரு நாள் புளிக்க வைத்துக் கழுவினால், நல்ல விதை அடியில் தங்கும். அதை நிழலில் உலர்த்துங்கள். ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியே வைத்து, தனித்தனி வரிசையில் விதைத்தால், எந்தத் தாய் உயர்ந்ததென்று அடுத்த போகத்தில் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வீரிய ஒட்டு ரகத்தின் பழத்தில் விதை எடுக்கலாகாது. அதன் சந்ததி பலவிதமாய்ப் பிரிந்து போகும். அதற்கு ஒவ்வொரு முறையும் புது விதை வாங்கியே தீரவேண்டும். வீட்டு விதை எடுப்பதற்கு பி.கே.எம். 1 போன்ற ரகங்களே ஏற்றவை.

தனி ஒருவருக்கு இது பாரமாகலாம். சங்கமோ, பிற தக்காளி வயல்களுக்கு 50 மீட்டர் அப்பால் ஒரு சிறு நிலத்தை விதைக்கென ஒதுக்கி, அங்கத்தினர் யாவருக்கும் விதை வழங்கலாம். விதைக்கெனக் கடன் வாங்கும் பணம் அவரவர் வீட்டிலேயே தங்கும். வரும் போகத்திலேயே இதைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.