உடம்பில்லாப் பாடகி

முகம் காணாத குரலுக்குச் செவிகொடுத்துப் பழகியவர்கள் வானொலி நேயர்கள். பேசுபவர் நெட்டையோ குட்டையோ, இளைஞரோ முதியவரோ, அவர்கள் அறியார். குரலைக் கொண்டே ஆளை மனத்தில் அமைத்துக்கொள்வர். ஆயினும், அக்குரலுக்குப் பின்னால் மூச்சுவிடும் ஒருவர் எங்கோ ஓர் ஒலிபரப்புக் கூடத்தில் அமர்ந்திருக்கின்றார் என்னும் உறுதி அவர்களுக்கு உண்டு. அந்த உறுதியையும் எடுத்துவிட்டால் எஞ்சி நிற்பது யாது? யப்பான் நாட்டில் எழுந்த ஒரு குரலின் கதை இவ்வினாவை எழுப்புகின்றது.

2010 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 9 ஆம் திகதி தோக்கியோ நகரின் மண்டபமொன்றில் ஓர் இசைநிகழ்ச்சி நடைபெற்றது. மேடையிலே கித்தாரும் முரசும் வாசித்தோர் உயிருள்ள கலைஞர். அவர்கள் நடுவே ஒளி ஊடுருவும் திரை ஒன்று நின்றது. அதன்மீது ஒளி பாய்ச்சப்பட்டதும், நீலமும் பச்சையும் கலந்த நிறத்துக் கூந்தல் இரண்டாகப் பிரிந்து காலளவும் தொங்க, ஒரு சிறுமி தோன்றினாள், பாடினாள், ஆடினாள். கூடியிருந்தோர் ஒளிக்கோல்களை அசைத்து ஆரவாரித்தனர். அங்கே எவளும் இல்லை என்பதை அவர்களில் ஒவ்வொருவரும் நன்கு அறிவர். ஏமாந்தவர் ஒருவரும் இலர். இக்கதையில் வியப்புக்குரியது இதுவேயாகும்.

அவள் பெயர் ஹற்சுனே மிக்கு. 'ஹற்சு' என்பது முதல். 'நே' என்பது ஒலி. 'மிக்கு' என்பது எதிர்காலம். எதிர்காலத்திலிருந்து வந்த முதல் ஒலி என்று பொருள் கொள்ளலாம். யப்பானிய எண்களில் மூன்றை 'மி' என்றும் ஒன்பதைக் 'கு' என்றும் படிக்க இடமுண்டு. மூன்றாம் மாதத்து ஒன்பதாம் நாளை விழாவுக்குத் தேர்ந்தமை அதனாலேயே. வடக்கே ஹொக்கைடோ தீவிலுள்ள சப்போரோ நகரத்துக் கிறிப்டன் பியூச்சர் மீடியா என்னும் நிறுவனம் 2007 ஓகஸ்டு 31 இல் அவளை விற்பனைக்கு விட்டது. 'விற்பனைக்கு' என்ற சொல் செவிக்கு இனிதாயில்லை. எனினும் அதுவே உண்மை. அவள் ஒரு பெட்டியில் அடங்கிய மென்பொருள். இசையமைப்போர் தம் கணினியில் இட்டு, பாட்டையும் மெட்டையும் கொடுத்தால் பாடித்தரும் கருவி. பெட்டியின் மேல் கேய் என்னும் ஓவியர் வரைந்த உருவம் இருந்தது. வயது 16, உயரம் 158 சென்றிமீற்றர் என்ற குறிப்புகளும் கொடுக்கப்பட்டிருந்தன. அவ்வளவுதான். தாய் தந்தை, ஊர், வாழ்க்கை வரலாறு எவையும் எழுதப்படவில்லை. அந்த வெற்றிடம் பின்னர் பெரும்பயன் விளைத்தது.

இயந்திரம் எங்ஙனம் பாடுகின்றது? தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இதனை விளக்குதல் எளிது. மெய்யெழுத்து தனித்து நீள ஒலியாது. உயிரோடு கூடியே இயங்கும். ஆனால் 'க' என்பதையும் 'ம' என்பதையும் தனித்தனியே பதிவுசெய்து அடுக்கிவிட்டால் 'கமலம்' என்ற சொல் பிறந்துவிடாது. கற்களை அடுக்கியது போன்ற ஓசையே எழும். ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்கு நாவும் இதழும் நகரும் அந்த இடைவழியிலேதான் பேச்சின் உயிர் இருக்கின்றது. எனவே அந்த இடைவழிகளையே பதிவுசெய்கின்றனர். யப்பானிய மொழிக்கு ஒரு சுருதியில் ஏறத்தாழ 500 இணைப்புகள் போதும். ஆங்கிலத்துக்கு ஏறத்தாழ 2,500 வேண்டும். பொருளற்ற அசைத்தொடர்களை ஒருவர் பல சுருதிகளில் ஒலித்துக்கொடுக்க, மென்பொருள் அவற்றைத் துணித்து, வேண்டியவாறு சுருதியை உயர்த்தித் தாழ்த்தி, தையல் தெரியாதபடி ஒட்டுகின்றது. வொக்கலோயிட் எனப்படும் இம்முறையை யமஹா நிறுவனம் 2000 ஆம் ஆண்டிலே, ஸ்பானியாவின் பார்சலோனாவிலுள்ள பொம்பேயு பப்ரா பல்கலைக்கழகத்துடன் கூடி ஆராயத் தொடங்கியது. கென்மொச்சி ஹிடெக்கி என்பார் அம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 2004 இல் முதற் குரல்கள் ஆங்கிலத்தில் வெளிவந்தன.

அவ்வாராய்ச்சிக்கு இட்ட மறைபெயர் 'டெய்சி' என்பது. அப்பெயருக்குப் பின்னால் உள்ள செய்தி இலங்கையர்க்கு உரியதுமாகும். 1961 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கணினியொன்று முதன்முதலாக ஒரு பாட்டைப் பாடிற்று. 'டெய்சி பெல்' என்னும் பழைய ஆங்கிலப் பாட்டு அது. 1956 முதல் இலங்கையிலே குடியிருந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளாக் அங்கு சென்றிருந்தபோது அதனைக் கேட்டார், மறந்தாரில்லை. 1968 இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்னும் திரைப்படத்தில், நினைவுப் பகுதிகள் ஒவ்வொன்றாய்க் கழற்றப்படும் கணினி அதே பாட்டைக் குழறியபடி ஓய்ந்துபோகின்றது. மிக்கு வெளிவந்து ஏழு மாதம் நிறையுமுன், 2008 மார்ச்சில், கிளாக் கொழும்பிலே காலமானார்.

இனி, அசைகளை ஒலித்துக்கொடுத்த மனிதக் குரல் யாருடையது? கிறிப்டன் நிறுவனத்தார் தொழில்முறைப் பாடகரை அணுகியபோது பலர் தயங்கினர். தம் குரலின் நகல் ஒன்று ஊரெங்கும் உலவித் தம் பிழைப்பைக் கெடுக்குமோ என்பது அவர்களின் அச்சம். இதனை அறியாமை என்று தள்ளுதல் முறையன்று. குரல் ஒன்றையே முதலாகக் கொண்டு வாழ்பவருக்கு அதன் நகல், கைவினைஞனுக்கு அவன் கையையே வார்த்தெடுத்தது போன்றது. எனவே நிறுவனத்தார் நாடகங்களுக்கும் சித்திரப் படங்களுக்கும் குரல் கொடுக்கும் நடிகையரிடம் சென்றனர். பூஜிட்டா சாக்கி என்னும் இளம் நடிகை இசைந்தார். அவர் பெயர் மறைக்கப்படவில்லை. இன்றளவும் அக்குரலோடு சேர்த்தே சொல்லப்படுகின்றது.

விற்பனைக்கு வந்த சில நாள்களுள், பின்லாந்து நாட்டார் பாட்டொன்றை அவள் பாடுவதாகச் சிறு படமொன்று வெளியாயிற்று. அதில் அவள் கையில் வெங்காயத்தாள் ஒன்றைச் சுழற்றினாள். இங்குள்ள சந்தைகளில் லீக்ஸ் என்று விற்கும் தண்டினைப் போன்றது.  சரஸ்வதிக்கு வீணை போல் அவளுக்கு அது அடையாளமாகிவிட்டது. நிறுவனத்தின் தலைவரான இட்டோ ஹிறோயுக்கி இங்கே ஒரு நல்ல முடிவு செய்தார். என் பொருளைத் தொடாதே என்று வழக்காடாமல், ஊதியம் கருதாது படம் வரைவோரும் பாட்டமைப்போரும் அவள் உருவத்தைப் பயன்படுத்தலாம் என்று விதிகள் வகுத்தார். 2007 இறுதிக்குள் அதற்கென ஓர் இணையத்தளமும் திறக்கப்பட்டது.

அதன்பின் வந்தவர்கள் யார்? பெரும்பாலோர் பெயர் அறியாத இளைஞர். பாட்டு எழுதத் தெரியும், மெட்டுப் போடத் தெரியும்; ஆனால் பாடக் குரலில்லை, பாடகியை அமர்த்தப் பணமில்லை, அவையில் நிற்கத் துணிவுமில்லை. அத்தகையோர் தத்தம் அறைகளிலிருந்து இக்குரலின் வழியே பேசலாயினர். ஆகவே மிக்குவை ஒரு பாடகி என்பதினும், பலர் மாறிமாறி அணியும் ஒரு முகமூடி என்பதே பொருந்தும். கூத்திலே முகமூடி அணிந்தபின் கூச்சம் போய்விடுவதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். ஹச்சி என்னும் புனைபெயரில் இவளுக்குப் பாட்டமைத்த யொனெசு கென்ஷி என்பார், 2012 முதல் சொந்தப் பெயரிலும் சொந்தக் குரலிலும் பாடி, நாடறிந்த பாடகராய் விளங்குகின்றார்.

இன்னொன்றும் நிகழ்ந்தது. 2007 டிசெம்பரில் றியோ என்பவர் இவள் குரலில் 'மெல்ட்' என்னும் பாட்டை வெளியிட்டார். அதனைக் கேட்ட மனிதர்கள் தாங்களும் பாடிப் பாடி வெளியிடத் தொடங்கினர். இயந்திரம் மனிதரை வாய்மூடச் செய்யும் என்று அஞ்சியிருந்தோர்க்கு முன்னால், அது அவர்களின் வாயைத் திறந்துவிட்டது.

குரலின் குறைகளையும் சொல்லவேண்டும். முதற் பதிப்புகளில் அது உலோகத் தகட்டை விரலால் தட்டியது போல ஒலிக்கும். துயரையும் மகிழ்ச்சியையும் ஒரே முகத்தோடு பாடும். உணர்ச்சி வேண்டுமாயின் ஒவ்வொரு சுரத்தையும் ஆக்குவோன் கையால் வளைத்து, நடுக்கி, தேய்க்கவேண்டும். ஒரு பாட்டுக்குப் பல இரவுகள் செல்லும். மூச்சு வாங்கத் தேவையில்லாத இக்குரலுக்கு வேண்டுமென்றே மூச்சொலியைச் செருகுவோரும் உளர். மூச்சின்றிப் பாட்டு நீளுமாயின் கேட்போர்க்கு நெஞ்சு அடைப்பதுபோல் இருக்குமாம். வேறு சிலர் நேர்மாறாக, மனித நா தொடரமுடியாத விரைவிலே அவளைப் பாடவைத்தனர். கொஸ்மோ என்பவர் ஆக்கிய 'ஹற்சுனே மிக்குவின் மறைவு' அத்தகையது. அழிக்கப்படவிருக்கும் மென்பொருள் தன் இறுதி நிமிடங்களில் பாடுவதாக அமைந்த அப்பாட்டைக் கேட்பவர்க்குக் கிளாக்கின் கணினி நினைவுக்கு வராமற் போகாது.

இளைஞரின் விளையாட்டு இது என்று ஒதுக்கியவர்க்கு மறுமொழி ஒரு முதியவரிடமிருந்து வந்தது. டொமிட்டா இசாவோ 1974 இல் டெபுசியின் இசையை மின்னிசைக் கருவியில் அமைத்து உலகப் புகழ் பெற்றவர். அக்கருவியையே பாடவைக்க அந்நாளிலே முயன்றவருமாவார். கவிஞர் மியாசாவா கென்ஜியின் படைப்புலகைப் பொருளாக்கி அவர் இயற்றிய 'ஈஹாதோவ்' சிம்பனி, 2012 நவம்பரில், அவரது எண்பதாம் வயதில், தோக்கியோவில் அரங்கேறிற்று. பெரிய வாத்தியக் குழுவும் மனிதப் பாடகர் குழுவும் சூழ, தனிப்பாடகியாய் நின்றவள் மிக்கு. அதுவரை வாத்தியக்காரர்களே அவளுடைய தாளத்தைப் பின்தொடரவேண்டியிருந்தது. டொமிட்டா அதற்கு இசையவில்லை. இசை நடத்துநரின் கைக்கோலுக்கு அவள் பணியவேண்டும் என்றார். அங்ஙனமே ஒழுங்கு செய்யப்பட்டது. மூத்த ஆசிரியர் ஒருவர் புது மாணவியைத் தாளத்தில் நிறுத்தியது போன்ற இந்நிகழ்ச்சி, அவளுடைய உருவம் பொறித்த அலுமினியத் தகடுகளைத் தாங்கி வெள்ளிக்கோளுக்கு விண்கலம் பறந்த செய்தியிலும் பெரிது. டொமிட்டா 2016 மேயில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இறுதிப் படைப்பிலும், அவ்வாண்டு நவம்பரில், அவள் ஆடினாள்.

2024 இல் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில், ஒளி ஊடுருவும் திரைக்குப் பதிலாகச் சாதாரண மின்திரை ஒன்றில் அவளைக் காட்டினர். நேரிற் பார்க்க வந்தோம், தொலைக்காட்சியைக் காட்டுகின்றீர்களே என்று சீட்டு வாங்கியோர் சினந்தனர். இல்லாதவள் மெய்யாக வரவில்லை என்று முறையிடுவதைக் கேட்டு நகைக்கலாம். ஆனால் வீதியில் தேர் வரும் என்று காத்திருந்தவனிடம் தேரின் படத்தை நீட்டினால் அவனும் அவ்வாறே சினப்பான்.

இன்று நிலைமை வேறு. பதிவுகளைக் கேட்டே ஒருவர் குரலைக் கற்றுக்கொண்டு, அவர் அறியாமலே அவரைப் பாடவைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. 2007 இல் தயங்கிய பாடகரின் அச்சம் அப்போது மிகையாகத் தோன்றியிருக்கலாம், இப்போது தோன்றாது. மிக்குவின் குரலுக்கு ஒரு பெண் மனமுவந்து அசை அசையாகக் கொடுத்தார், கூலி பெற்றார், பெயரும் பெற்றார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மனிதர் இரவு விழித்தார். புதியவற்றில் இவ்விரண்டில் எது உண்டு என்று கேட்டுப் பார்த்தல் தகும்.

2009 இல் பாட்டமைக்கத் தொடங்கிய வொவாக்கா என்னும் இளைஞர் மிக்குவின் குரலுக்கென 'உருளும் பெண்' முதலிய பாடல்களை ஆக்கினார். பின்னர் தாமே பாடும் குழுவொன்றை அமைத்தார். 2019 ஏப்பிரிலில், முப்பத்தொன்றாம் வயதில், இறந்துபோனார். அவளுக்கு இன்றும் வயது பதினாறு. அவருடைய பாடல்கள் இன்றும் அவள் குரலில் ஒலிக்கின்றன.