அடைபட்ட இதயமும் நின்றுபோன இதயமும்



'ஹியர்', 'லிசின்' இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கேதான் படித்தோம். பிழைத்தால் ஒரு புள்ளி போகும். இன்று நான் எடுத்துக்கொண்ட சோடி 'ஹார்ட் அற்றாக்', 'கார்டியாக் அரெஸ்ட்'. ஆங்கிலம் பேசுகிறவர்களே இவற்றை மாற்றிச் சொல்வார்கள். நாங்களோ இரண்டையும் 'மாரடைப்பு' என்றே சொல்லிவிடுகிறோம்.

மாரடைப்பு என்ற சொல் முதலாவதற்குத்தான் பொருந்தும். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆள் பெரும்பாலும் நினைவோடு கதைப்பார். நெஞ்சில் பாரம், கைக்கும் தாடைக்கும் பரவும் நோ, வியர்வை என்பார். பெண்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் நெஞ்சுநோ இல்லாமலே களைப்பும் மூச்சுமுட்டும் ஓங்காளமுமாக வரலாம். அதை 'வாய்வு' என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கிற அம்மாமாரை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அரெஸ்ட் வேறு. இதயம் இரத்தத்தை இறைப்பதையே நிறுத்திவிடுகிறது. சில விநாடிகளில் ஆள் சரிந்துவிடுவார். கூப்பிட்டால் பதில் இல்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை. இடையிடையே வாயைத் திறந்து இழுப்பது மூச்சல்ல. அதைக் கண்டு காத்திருக்க வேண்டாம். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டும் நிற்க வேண்டாம். நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள், அம்புலன்ஸ் வரும்வரை. விலா முறிந்தாலும் பிறகு பொருந்திவிடும்.

முதலாவது, இரண்டாவதாக மாறக்கூடியது. அதனால்தான் கதைத்துக்கொண்டிருப்பவருக்கும் உடனே அம்புலன்ஸ் அழைக்கச் சொல்கிறோம்.

('அக்கியூட்' என்றால் கடுமையானது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. திடீரென வந்தது என்பதே பொருள். சாதாரண தடிமனும் அக்கியூட்தான். 'குரோனிக்' நெடுநாளையது, அது லேசானதாகவும் இருக்கலாம்.)

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. ஊரிலிருந்து "அம்மாவுக்கு அற்றாக்" என்று அழைப்பு வந்தால், முதலில் "அம்மா கதைக்கிறாவா? ஒழுங்காக மூச்சு எடுக்கிறாவா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் 'இல்லை' என்றால், பக்கத்தில் நிற்பவரை உடனே நெஞ்சை அழுத்தச் சொல்லுங்கள். இன்னொருவர் 1990ஐ அழைக்கட்டும். அந்தச் சேவை இலவசம். நீங்கள் இருக்கும் இடத்தில் பிரித்தானியா என்றால் 999, கனடா 911, அவுஸ்திரேலியா 000.

மேடைக்கு இடப்பக்கம் ஒரு பயிற்சிப் பொம்மை வைத்திருக்கிறேன். தேநீருக்குப் போகுமுன் ஒவ்வொருவராக வந்து 2 நிமிடம் அழுத்திப் பாருங்கள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வாருங்கள்.